எட்டுப் பேர், இருபத்தெட்டு ஜோடிகள்: தொலைவிலிருந்து வேலை செய்யும் குழுவை நேரில் கூட்டுவதற்கு முழுமையான வழிகாட்டி

ஒருவரோடு இரண்டு வருடம் வீடியோ காலிலும் சாட்டிலும் மட்டுமே பழகி வேலை செய்திருக்கிறேன். நான் நாலு பத்தி எழுதி அனுப்பினால் அவரிடமிருந்து 'பார்க்கிறேன்' என்று ஒற்றைச் சொல் வரும். என் மேல் ஏதோ கடுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை குழு முழுவதும் நேரில் கூடியபோது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எதைச் சொன்னாலும் 'பார்க்கிறேன்' என்பார், நோட்டில் குறித்துக்கொள்வார், சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டு வந்து நிற்பார். ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர் அதே ஒற்றைச் சொல்லைத்தான் அனுப்பினார். நான்தான் அதை அவருடைய குரலில் படிக்க ஆரம்பித்திருந்தேன்.

நேரில் கூடுவதால் கிடைக்கும் லாபத்தில் பெரும்பகுதி இதுதான். கவனித்துப் பாருங்கள், இது நடந்தது 'குழு'வுக்கு இல்லை. இரண்டு பேருக்கு இடையில். எட்டுப் பேர் கொண்ட குழுவில் இப்படி 28 ஜோடிகள் இருக்கின்றன. பன்னிரண்டு பேர் என்றால் 66. இருபது பேர் என்றால் 190. சந்திப்பைத் திட்டமிடும்போது 'குழு' என்று யோசித்தால் மேடை, மைக், போட்டி, பரிசு என்றுதான் புத்தி போகும். ஜோடிகளை எண்ணினால் நாற்காலி போடுவது முதல் திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியது வரை எல்லாமே மாறும். இந்த வழிகாட்டி அந்தக் கணக்கை வைத்தே எழுதப்பட்டது.

தூரம் என்ன செய்கிறது

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன், ஆராய்ச்சிக் கூடங்களில் பொறியாளர்கள் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்று 1970களில் அளந்து பார்த்தார். மேசைகளுக்கு நடுவே தூரம் கூடக் கூடப் பேச்சு மளமளவென்று குறைந்தது. சுமார் 50 மீட்டரைத் தாண்டிவிட்டால், வேலை விஷயமாகப் பேசிக்கொள்வது அரிதாகிப் போனது. ஒரே கட்டடத்துக்குள்ளேயே இந்த நிலை.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அமெரிக்காவில் உள்ள தன் ஊழியர்கள் 61,182 பேரின் மின்னஞ்சல், மீட்டிங், சாட் தகவல்களை, 2020இன் முதல் ஆறு மாதங்களுக்கு எடுத்து ஆராய்ந்தது. முடிவு 2021இல் வெளியானது. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியதும், ஏற்கெனவே நெருக்கமாக இருந்தவர்களின் வட்டம் இன்னும் இறுகியது. வெவ்வேறு குழுக்களை இணைத்துக்கொண்டிருந்த தொடர்புகள் மெலிந்தன. புதிய தொடர்பு உருவாவது குறைந்தது. வேலை நின்றுவிடவில்லை. ஆனால் தெரிந்தவர்களோடு மட்டுமே நடந்தது.

சீனாவின் பயண ஏற்பாட்டு நிறுவனமான சிட்ரிப், 2010-11இல் கால் சென்டர் ஊழியர்கள் சிலரை ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்துச் சோதித்தது. வேலையின் அளவு 13 சதவீதம் கூடியது. சோதனை முடிந்து 'இனி உங்கள் விருப்பம்' என்றபோது, வீட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஆஃபீஸுக்கே திரும்பினார்கள். முக்கியமான காரணம் தனிமை.

அதற்காக எல்லோரையும் தினமும் ஆஃபீஸுக்கு இழுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மார்த்தா மஸ்னெவ்ஸ்கி, கேத்ரின் சுடோபா என்ற இரண்டு ஆய்வாளர்கள் மூன்று பன்னாட்டுக் குழுக்களை 21 மாதம் பின்தொடர்ந்து 2000இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நன்றாக இயங்கிய குழுக்களில் ஒரு தாளம் இருந்தது: சீரான இடைவெளியில் நேரடிச் சந்திப்பு, நடுவில் தொலைவிலிருந்து வேலை. அதை அவர்கள் இதயத் துடிப்போடு ஒப்பிட்டார்கள். எத்தனை முறை சந்தித்தார்கள் என்பதைவிட, அடுத்த துடிப்பு எப்போது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான் முக்கியம் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

படி 1: எதற்காகக் கூடுகிறோம் என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள்

'பிணைப்பை வளர்க்க' என்று எழுதினால் அது வாக்கியம் ஆகாது. 'வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் எது மாறியிருக்க வேண்டும்?' என்ற கேள்விக்கு வரும் பதில்தான் வாக்கியம். சில மாதிரிகள்: 'புதிதாகச் சேர்ந்த மூன்று பேரும் யாரிடம் எதைக் கேட்பது என்று தயங்காமல் இருக்க வேண்டும்.' 'வடிவமைப்பாளர்களும் புரோகிராமர்களும் ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருக்கும் சண்டை முடிய வேண்டும்.' 'அடுத்த புராஜெக்ட்டில் எதைச் செய்யப் போவதில்லை என்று முடிவாகியிருக்க வேண்டும்.'

வாக்கியம் கிடைத்ததும், நேரில் செய்ய வேண்டியது எது, திரையிலேயே முடிவது எது என்று பிரித்துவிடுங்கள். இங்கே ஒரு ஆய்வு உதவும். மெலனி புரூக்ஸ், ஜொனாதன் லெவாவ் இருவரும் 2022இல் வெளியிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஜோடி ஜோடியாக 602 பேரையும், ஐந்து நாடுகளில் ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பொறியாளர்கள் 1,490 பேரையும் வைத்துச் சோதித்தது. வீடியோவில் பேசிய ஜோடிகளுக்கு, நேரில் பேசியவர்களைவிடக் குறைவான யோசனைகளே தோன்றின. கண் திரையிலேயே ஒட்டிக்கொள்வதால் சிந்தனையும் குறுகிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் வீடியோ ஜோடிகள் பின்தங்கவில்லை.

ஆகவே யோசனைகளைக் கொட்டுவது, கசப்பைப் பேசித் தீர்ப்பது, புதியவர்களைச் சேர்த்துக்கொள்வது, பெரிய வேலையைத் தொடங்குவது எல்லாம் நேரில். காலாண்டுக் கணக்கு, நிலவர அறிக்கை, நாற்பது ஸ்லைடு வாசிப்பு எல்லாம் வீட்டில். பத்து மணி நேரம் பயணம் செய்து வந்தவரை இருட்டறையில் உட்காரவைத்து ஸ்லைடு காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை காட்டியிருக்கிறேன்.

படி 2: எத்தனை பேர், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை

பெரும்பாலும் தொலைவிலிருந்தே இயங்கும் அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம், திட்டமிட்டு நடத்திய குழுச் சந்திப்புகளுக்குப் பிறகு ஊழியர்கள் உணரும் நெருக்கம் சராசரியாக 27 சதவீதம் கூடியதாகவும், அது நான்கைந்து மாதம் நீடித்ததாகவும் தன் உள் ஆய்வைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்வது என்பதை மனதில் வைத்துக்கொண்டாலும், என் அனுபவமும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை கூடினால் சூடு ஆறுவதில்லை. ஆறு மாதம் என்றால் கடைசி இரண்டு மாதம் மெசேஜ்களில் எரிச்சல் எட்டிப்பார்க்கும். வருடத்துக்கு ஒருமுறை என்றால் ஒவ்வொரு தடவையும் பாதி நேரம் மறுபடி அறிமுகமாவதிலேயே போய்விடும். ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

ஆள் கணக்கு இன்னும் முக்கியம். பன்னிரண்டு பேர் வரைதான், 66 ஜோடிகள் வரைதான், மூன்று நாள் சந்திப்பில் எல்லோரும் எல்லோரோடும் உண்மையாகப் பேச முடியும். அதைத் தாண்டினால் கூட்டம் தானாகவே பழைய சேக்காளிகளின் வட்டங்களாகப் பிரிந்துவிடும். நிறுவனம் பெரியது என்றால் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்: எல்லோரும் கூடும் பெரிய கூட்டம் ஒன்று, ஒவ்வொரு குழுவும் தனியாகக் கூடும் சின்னச் சந்திப்பு இன்னொன்று. 2005இல் தொடங்கப்பட்டு, ஆரம்பத்திலிருந்தே ஊழியர்கள் பல ஊர்களில் பரவிக் கிடக்கும் ஆட்டோமாட்டிக் என்ற மென்பொருள் நிறுவனம் இப்படி இரண்டு வகையும் நடத்திப் பழகியது. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் சின்னதைத் தேர்ந்தெடுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர் அடுத்த சந்திப்புக்காக மாதக் கணக்கில் காத்திருக்கக் கூடாது. முதல் மூன்று மாதத்துக்குள் குழுவில் இருவரையாவது நேரில் பார்த்துவிடும்படி செய்யுங்கள். இதற்கு மொத்தக் குழுவும் பயணம் செய்யத் தேவையில்லை.

படி 3: தேதி, இடம், பணம்

தேதியைக் குறைந்தது மூன்று மாதம் முன்பே முடிவு செய்யுங்கள். எல்லை தாண்டுகிறவர்கள் இருந்தால் ஐந்து மாதம். 'எந்தத் தேதி வசதி?' என்று கேட்பதைவிட 'எந்தத் தேதியில் முடியவே முடியாது?' என்று கேளுங்கள். காரணம் கேட்காதீர்கள். குழந்தையின் பரீட்சை, வீட்டில் முதியவருக்கு ஆபரேஷன், நோன்பு, கர்ப்பத்தின் ஏழாம் மாதம் இவற்றையெல்லாம் அலுவலக ஷீட்டில் எழுத வைப்பது நாகரிகமில்லை. வார இறுதியை விழுங்காதீர்கள். பயண நாளும் வேலை நாள்தான் என்று வெளிப்படையாக எழுதிக் கொடுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் மொத்தச் செலவைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: ஒவ்வொரு இடத்துக்கும், வீட்டு வாசலிலிருந்து அறை வாசல் வரை யாருக்கு அதிக நேரம் ஆகிறது என்று கணக்குப் போடுங்கள். அந்த அதிகபட்ச நேரம் எந்த இடத்துக்குக் குறைவோ அதுவே நல்ல இடம். இப்படிக் கணக்குப் பார்க்காவிட்டால் இடம் எப்போதும் மேலாளரின் ஊருக்குப் பக்கத்திலேயே அமைந்துவிடும். அதே இரண்டு பேர் ஒவ்வொரு முறையும் மூன்று வண்டி மாறி வந்து சேர்வார்கள்.

வேறு நேர மண்டலத்திலிருந்து பறந்து வருகிறவரின் உடல் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் சரிசெய்துகொள்ளும். கிழக்கு நோக்கிய பயணம் இன்னும் சிரமம். ஆறு மணி நேர வித்தியாசத்தில் வருகிறவரை வந்த அன்றே முக்கிய விவாதத்தில் உட்கார வைத்தால், அவர் தலையாட்டுவதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்போர்ட்டையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வருகிறவரின் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன.

பணத்தில் இரண்டு விதிகளை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் நிறுவனமே நேரடியாகக் கட்ட வேண்டும். 'நீங்கள் கட்டிவிட்டு பில் போடுங்கள்' என்பது மேலாளருக்குச் சின்ன விஷயம். சேர்ந்து மூன்று மாதமான இளைஞருக்கு அது கிரெடிட் கார்டு கடன். ஒருமுறை ஒரு நிறுவனத்தில் என் பில் தொகை வர பதினொரு வாரம் ஆனது. அடுத்த சந்திப்புக்கு நான் என்ன உற்சாகத்தோடு கிளம்பியிருப்பேன் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு, ஆளுக்கு ஒரு அறை. நாள் முழுக்க மனிதர்களோடு இருந்துவிட்டு வருகிறவருக்குக் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அறையைப் பங்கு போட வைத்து மிச்சம் பிடிப்பதைவிட, நாளைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். விமானம் ரத்தாகும், யாருக்காவது காய்ச்சல் வரும்.

பணமே இல்லையா? ஒரே ஊரில், அல்லது பக்கத்து ஊர்களில் இருக்கும் மூன்று பேர் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து வேலை பார்க்கட்டும். மூன்று பேர் என்றால் மூன்று ஜோடிகள். அடுத்த மாதம் வேறு மூன்று பேர். பெரிய சந்திப்பு என்ற பெயர் கிடைக்காதே தவிர, கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

படி 4: அறை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் வரும் ஜன்னல். எல்லோரும் சுற்றி உட்காரக் கூடிய மேசை. வரிசை நாற்காலி வேண்டாம். எழுத வசதியான சுவர் அல்லது பலகை. நான்கு பேர் ஒதுங்கிப் பேச இரண்டாவது அறை. யாரோடும் பேசாமல் அரை மணி உட்கார ஒரு மூலை. வெளியே நடக்க இடம். சக்கர நாற்காலி உள்ளே வருமா, கழிப்பறைக்குப் படி ஏற வேண்டுமா? இணையம் எல்லா லேப்டாப்பும் ஒரே நேரத்தில் இணைந்தால் தாங்குமா? நேரில் போய்ப் பார்க்க முடியாவிட்டால், அங்கே இருப்பவரை வீடியோ காலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரப் படத்தில் தெரியும் ஜன்னல் பக்கத்து அறையினுடையதாக இருந்திருக்கிறது.

படி 5: கிளம்புவதற்கு முன்

ஏற்பாட்டுப் பொறுப்பை ஒருவரிடம் கொடுங்கள். அதை அவருடைய வேலைக் கணக்கில் சேர்த்து, மற்ற வேலையைக் குறையுங்கள். டிக்கெட், சாப்பாடு, பெயர்ப் பட்டியல் என்ற கண்ணுக்குத் தெரியாத இந்த வேலை, பல குழுக்களில் ஒவ்வொரு முறையும் அதே பெண்ணின் தலையில்தான் விழுகிறது. சுழற்சி முறையில் மாற்றுங்கள். மேலாளரும் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

எல்லோருக்கும் ஒரே பக்கத்தில் ஒரு தாள் அனுப்புங்கள்: எங்கே இறங்குவது, எப்படி வருவது, ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது, என்ன உடுத்தலாம், எது கட்டாயம், எது விருப்பம். கடைசியில் சொன்னதை அடிக்கோடிடுங்கள். சாயங்கால நிகழ்ச்சி 'விருப்பம்' என்று எழுதிவிட்டு, வராதவரை மறுநாள் காலையில் 'எங்கே காணோம்?' என்று கேட்டால் அது விருப்பம் இல்லை. சாப்பாட்டில் ஒவ்வாமை, சாப்பிடாதவை எல்லாவற்றையும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

விவாதிக்கப் போகும் விஷயத்தை இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். கூட்டத்தில் சட்டென்று பேச வராதவர்கள் இருப்பார்கள். அவர்கள் படித்து, யோசித்து, எழுதி வைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களிடமிருந்துதான் பெரும்பாலும் நல்ல விஷயம் வரும்.

அந்த மூன்று நாளும் அவசர வேலையை யார் பார்ப்பது என்றும் இப்போதே முடிவு செய்யுங்கள். வேறொரு குழுவிடம் ஒப்படைக்கலாம், அல்லது அரை நாளுக்கு ஒருவர் என்று முறை வைக்கலாம். இதைச் செய்யாவிட்டால் எட்டுப் பேரும் நேரில் வந்து உட்கார்ந்து எட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படி 6: அந்த மூன்று நாள்

முதல் நாள் காலையை ஜோடிச் சுற்றுக்குக் கொடுங்கள். முறை எளிது. எட்டுப் பேர் என்றால் நாலு நாற்காலிக்கு எதிரே நாலு நாற்காலி. எதிரெதிரே உட்கார்ந்த இருவர் 15 நிமிடம் பேச வேண்டும். மணி அடித்ததும் ஒருவர் மட்டும் தன் இடத்திலேயே இருக்க, மற்ற ஏழு பேரும் கடிகாரச் சுற்றில் ஒரு நாற்காலி நகர வேண்டும். ஏழு சுற்றில் 28 ஜோடிகளும் முடிந்துவிடும். ஒரு ஜோடிகூட விட்டுப்போகாது, ஒன்றுகூடத் திரும்ப வராது. ஏழு பேர்தான் என்றால் ஒரு நாற்காலியைக் காலியாக விடுங்கள், எதிரே யாரும் இல்லாதவருக்கு அந்தச் சுற்று ஓய்வு. நாலாவது சுற்றுக்குப் பிறகு டீ. எல்லாம் சேர்த்து இரண்டேகால் மணி நேரம்.

என்ன பேசுவது? 'உங்களுக்குப் பிடித்த நிறம் என்ன' வகைக் கேள்விகளும், ஒருவர் விழ மற்றவர் தாங்கிப் பிடிக்கும் விளையாட்டுகளும் எனக்கு ஒத்துவருவதில்லை. வளர்ந்தவர்களைக் கட்டாயப்படுத்திச் சிரிக்க வைப்பதில் ஒரு கூச்சம் இருக்கிறது. ஆர்தர் ஏரன் என்ற உளவியலாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் 1997இல் வெளியிட்ட சோதனை வேறு வழி காட்டியது: அந்நியர்கள் இருவர் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டு, லேசான விஷயத்தில் தொடங்கிப் படிப்படியாக ஆழமானதுக்குப் போனார்கள். முக்கால் மணி நேரம்தான். சும்மா அரட்டை அடித்த ஜோடிகளைவிட இவர்கள் அதிக நெருக்கம் உணர்ந்தார்கள். அந்தக் கேள்விகளில் பல வேலையிடத்துக்கு ரொம்ப அந்தரங்கமானவை. கொள்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று கேள்விகள் கொடுப்பேன். உங்கள் வேலை நாளில் எந்த மணி நேரம் நன்றாக ஓடும்? என்னோடு வேலை செய்வதில் எதை மாற்றினால் உங்களுக்குச் சுலபம்? இந்த வேலையில் உங்களுக்குத் தெரியாமல், கேட்கவும் தயங்குவது எது? மூன்றாவதுக்குப் பதில் சொல்ல யாரையும் வற்புறுத்தக் கூடாது. மேலாளர் தன் பதிலை முதலில் சொல்லட்டும். அவருக்குத் தெரியாதது இருக்கிறது என்று கேட்டால் மற்றவர்களுக்கு நாக்கு தளரும்.

நேரில் பார்ப்பதற்கென்றே ஒரு மதிப்பு உண்டு என்பதை டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் கண்கூடாகப் பார்க்கலாம். 1993இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் தன்னார்வலர்கள் உலகம் முழுக்கச் சிதறியிருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு முதல் மாநாடு நடத்திக் கூடி வருகிறார்கள். அங்கே ஒரு பழைய வழக்கம்: நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, ஒருவரின் மின்னணுச் சாவியில், அதாவது இணையத்தில் அவரை அடையாளம் காட்டும் குறியில், இன்னொருவர் மின்னணு முறையில் கையெழுத்திடுவார். இந்த ஆள் இவர்தான் என்று இரண்டிரண்டு பேராக உறுதி செய்துகொள்வது. அப்படிச் சேர்ந்த கையெழுத்துகளின் வலைதான் அந்தத் திட்டத்தில் நம்பிக்கையின் அடித்தளம். நம் குழுவில் அட்டையைக் காட்டத் தேவையில்லை, ஆனால் நடப்பது ஏறக்குறைய அதே காரியம்.

இரண்டாம் நாள் சேர்ந்து வேலை செய்யுங்கள். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்குகிறவர்கள் 1999இல் கனடாவின் கால்கரி நகரில் பத்துப் பேர் கூடி நிரல் எழுதினார்கள். 'ஹேக்கத்தான்' என்ற சொல்லே அந்த வருடம்தான் புழக்கத்துக்கு வந்தது. போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வேலை, அவ்வளவுதான். சாட்டில் மூன்று நாள் இழுக்கும் சந்தேகம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தால் மூன்று நிமிடத்தில் தீரும். அதைவிட, ஒருவர் எப்படித் தடுமாறுகிறார், எங்கே பெருமூச்சு விடுகிறார், எதைக் கண்டதும் உற்சாகமாகிறார் என்பதெல்லாம் வீடியோ காலில் தெரியாதவை. வழக்கமாகச் சேர்ந்து வேலை செய்யாத இருவரை அன்றைக்கு ஜோடியாக்குங்கள். பழகிய ஜோடிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

யோசனை கேட்கும் அமர்வு இருந்தால், பேசுவதற்கு முன் பத்து நிமிடம் தனித்தனியே எழுத விடுங்கள். 1987இல் மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே இருவரும் காட்டியது இதுதான்: குழுவாகச் சத்தமாக யோசிக்கும்போது, ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது; அந்தக் காத்திருப்பில் யோசனைகள் உதிர்ந்துவிடுகின்றன. தனியே எழுதியதைச் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை அதிகம். எழுதியதைச் சுவரில் ஒட்டியபின், இரண்டிரண்டு பேராகப் பேசி, அப்புறம் மொத்தமாகப் பேசுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் கடைசியில்.

மூன்றாம் நாள் காலைக்கு நிகழ்ச்சி நிரலே போடாதீர்கள். ஹாரிசன் ஓவன் 1985இல் தொடங்கிய 'திறந்தவெளி' முறை இதற்குப் பொருத்தம்: காலையில் யார் வேண்டுமானாலும் ஒரு தலைப்பைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டலாம், விருப்பமுள்ளவர்கள் அங்கே போகலாம், தனக்குப் பயனில்லை, தன்னாலும் பயனில்லை என்று தோன்றினால் எழுந்து வேறிடம் போகலாம், யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. இரண்டு நாள் பழகிய பிறகு இதை வைப்பதுதான் சூட்சுமம். முதல் நாள் வைத்தால் தாளில் பாதுகாப்பான தலைப்புகள்தான் வரும். மூன்றாம் நாள் 'நாம் ஏன் எப்போதும் கடைசி வாரத்தில் தவிக்கிறோம்?' என்று ஒருவர் எழுதி ஒட்டுவார்.

இதையெல்லாம் படித்துவிட்டு மூன்று நாளையும் நிமிடக் கணக்கில் நிரப்பிவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். சாயங்காலம் ஐந்துக்குப் பிறகு எதுவும் வேண்டாம். நடக்கிறவர்கள் நடக்கட்டும், தூங்குகிறவர்கள் தூங்கட்டும். மதுவை மையமாக வைத்த கொண்டாட்டம் குடிக்காதவர்களை ஓரத்தில் நிறுத்திவிடும். காலையில் வருந்த வைக்கும் சம்பவங்களும் அங்கேதான் நடக்கின்றன. மனித வள விதிகள் சந்திப்பு இடத்திலும் செல்லும் என்று முன்கூட்டியே சொல்லி, புகார் சொல்ல ஒரு பெயரையும் கொடுங்கள்.

படி 7: வர முடியாதவர்

எப்போதும் ஒருவர் இருப்பார். விசா கிடைத்திருக்காது, வீட்டில் யாருக்காவது முடியாமல் இருக்கும். அவரை ஒரு திரையில் போட்டு மேசை முனையில் வைத்துவிட்டு, எட்டு மணி நேரம் நம் சிரிப்புச் சத்தத்தைக் கேட்க வைப்பது ஒருவகைத் தண்டனை. அதைவிட, தினமும் ஒரு மணி நேரம் மட்டும் எல்லோரும் ஆளுக்கொரு லேப்டாப்பில் அவரோடு வீடியோ காலில் சேருங்கள்; அந்த நேரத்துக்கு எல்லோரும் சமம். ஜோடிச் சுற்றில் அவருக்கும் இடம் உண்டு, அடுத்த இரண்டு வாரத்தில் ஒவ்வொருவரும் அவரோடு 15 நிமிடம் பேசிவிட வேண்டும். சந்திப்பில் எடுத்த முடிவுகளை ஒரு வாரம் 'வரைவு' என்றே வைத்திருங்கள். அவர் படித்து மறுப்புச் சொல்லக் கால அவகாசம் வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை வர முடியாதவருக்கு, மூன்றாவது சந்திப்பு அவர் ஊரில்.

படி 8: திரும்பி வந்த பிறகு

இதைத்தான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் விடுமுறை கொடுங்கள், அல்லது மீட்டிங் இல்லாத நாளாக வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் முடிவுகளை எழுதி அனுப்புங்கள்: என்ன முடிவானது, யார் செய்வது, எப்போதைக்குள், எது முடிவாகவில்லை. நாலாவது நாள் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு முடிவு இருக்கும்.

அடுத்த வாரம் குழுவில் ஒரு சோர்வு தெரியும். மூன்று நாள் கலகலப்புக்குப் பிறகு வீட்டு மேசையின் அமைதி கொஞ்சம் கனக்கும். பயப்பட வேண்டாம், இது எல்லாக் குழுவிலும் வருவது. சந்திப்பில் ஜோடியாக வேலை செய்தவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் நீளும் சின்னப் பணி ஒன்றைச் சேர்ந்தே செய்யும்படி கொடுத்துவிடுங்கள். பேசிப் பழகியது வேலையில் இறங்கினால்தான் தங்கும்.

பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சந்திப்பு முடிந்த அன்று 'எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் 'சூப்பர்' என்றுதான் சொல்வார்கள். ஒரு மாதம் கழித்து மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: இந்த மாதம் முன்பு கேட்கத் தயங்கிய யாரிடமாவது உதவி கேட்டீர்களா? சந்திப்பில் எடுத்த எந்த முடிவு நடக்கவில்லை? அடுத்த முறை எதை நீக்கலாம்? நாலாவது மாதம் முதல் கேள்வியை மட்டும் மறுபடி கேளுங்கள். 'இல்லை' என்ற பதில்கள் கூடியிருந்தால் அடுத்த துடிப்புக்கு நேரமாகிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சம்பளம் போதவில்லை, வேலைச்சுமை தாங்கவில்லை, ஒருவர் மற்றவர்களைக் கத்தி மிரட்டுகிறார் என்றால், அந்தக் குழுவை நல்ல இடத்துக்குக் கூட்டிப் போவதால் எதுவும் சரியாகாது. நேரில் கூடியதும் முதலில் நடப்பது, எல்லோருக்கும் இதே பிரச்சினை இருக்கிறது என்று எல்லோரும் தெரிந்துகொள்வதுதான். அந்தப் பேச்சு மேலாளர் இல்லாத மேசையில் நடக்கும். முதலில் அதைச் சரி செய்யுங்கள், பிறகு டிக்கெட் போடலாம்.

கடைசி நாள் மதியம், பெட்டியோடு எல்லோரும் வாசலில் நிற்பதற்கு முன், அடுத்த சந்திப்பின் தேதியை அறிவித்துவிடுங்கள். இடம் முடிவாகியிருக்க வேண்டியதில்லை. ஏற்பாட்டுப் பொறுப்பு அடுத்து யாருக்கு என்றும் சொல்லுங்கள். அவருக்கு இந்த முறை செய்தவர் தன் பட்டியலைக் கையோடு கொடுத்துவிட்டுப் போகட்டும்: எந்த அறையில் இணையம் வரவில்லை, யாருக்குக் கடலை ஆகாது, வாடகை வண்டி எத்தனை மணிக்குச் சொல்லி எத்தனை மணிக்கு வந்தது.